அம்மா அப்பா பிரியும்போது பிள்ளையின் பள்ளிக்கூடம்: எந்த வழி, எப்போது?

கணவன் மனைவி பிரச்சினை பெரும்பாலும் அரையாண்டு விடுமுறையில்தான் பள்ளிக்கூடத்தை எட்டும். டிசம்பர் கடைசியில் பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் போன பெண், ஜனவரியில் பள்ளி திறந்த பிறகும் திரும்பியிருக்க மாட்டார். பொங்கல் வரை பார்க்கலாம் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேசிக்கொண்டிருப்பார்கள். பொங்கலும் போய்விடும். அப்புறம் ஒரு நாள் அம்மாவும் தாய்மாமனும் வந்து டிசி கேட்பார்கள். அதற்குள் அப்பாவிடமிருந்து தலைமையாசிரியருக்குப் பதிவுத் தபால் வந்திருக்கும்: தன் சம்மதம் இல்லாமல் மகனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்று. இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் பையன் ஒரு மாதமாக எந்த வகுப்பிலும் உட்கார்ந்திருக்க மாட்டான்.

உதவி பெறும் பள்ளி ஒன்றில் வகுப்பாசிரியையாக இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். பிள்ளை யாரோடு இருப்பது என்பது ஒரு கேள்வி. இந்தக் கல்வியாண்டை எங்கே முடிப்பது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு நீதிமன்றத்தில் பதில் கிடைக்க வருடக்கணக்கில் ஆகலாம். இரண்டாவதற்கு இந்த வாரமே பதில் வேண்டும். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால், பிள்ளை எந்தப் பள்ளியில் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஜெயித்த பக்கம் என்று ஆகிவிடுகிறது. டிசி அப்போது ஒரு பிடிமானமாகிவிடும், ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுப்பார்கள்.

குடும்பங்கள் எடுக்கிற முடிவுகள் சுற்றிச் சுற்றி நாலைந்துக்குள்தான் வருகின்றன. அவற்றை நான் பார்த்த அளவிலும் தெரிந்துகொண்ட அளவிலும் ஒப்பிட்டு எழுதுகிறேன்.

பிள்ளைக்காகச் சேர்ந்தே இருப்பது

"ப்ளஸ் டூ முடியட்டும், அதுவரைக்கும் பொறுத்துப் போவோம்." நம் குடும்பங்களில் முதலில் வரும் பேச்சு இது. இதை ஒரேயடியாகத் தவறு என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கச் சமூகவியலாளர் பால் அமேட்டோவும் அவருடைய சகாக்களும் 1995-ல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. வீட்டில் கடும் சண்டை இருந்து, பெற்றோர் பிரிந்துவிட்டால், பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஓரளவு நன்றாகவே இருக்கிறார்கள். அதே சண்டைக்குள் தொடர்ந்து இருந்தவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் வெளியே தெரியாத அளவுக்கு மனக்கசப்பு மட்டுமே இருந்த வீடுகளில், பிரிவு பிள்ளைகளைத் திடீரென்று தாக்கி, கூடுதலாக வருத்தியிருக்கிறது. ஆக, சேர்ந்திருப்பதா பிரிவதா என்பதைவிட, பிள்ளையின் காதில் என்ன விழுகிறது என்பதுதான் படிப்பைத் தீர்மானிக்கிறது.

பேச்சுவார்த்தை இல்லை, ஆனால் கூச்சலும் இல்லை என்ற நிலையில் இருக்கும் வீட்டில், ஏப்ரல் வரை பொறுப்பது நல்ல முடிவு. இராத்திரி பதினொரு மணிக்குப் பாத்திரம் உருளும் வீட்டில் ப்ளஸ் டூ வரை பொறுப்பது நல்லதல்ல. அந்தப் பிள்ளை மறுநாள் முதல் பீரியடிலேயே தூங்கும். வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று நாங்கள் திட்டுவோம். அது பதில் சொல்லாமல் நிற்கும்.

பிள்ளைகள் சண்டைக்குத் தங்களையே காரணமாக நினைத்துக்கொள்வதை பிரிட்டனில் கார்டன் ஹெரால்டும் குழுவினரும் ஆராய்ந்தார்கள். 2007-ல் வந்த அவர்களுடைய ஆய்வின்படி, பெற்றோர் சண்டைக்கும் மதிப்பெண் குறைவதற்கும் நடுவில் நிற்பது இந்த எண்ணம்தான். எங்கள் பள்ளியில் இது ஃபீஸ் கட்டும் வாரத்தில் வெளிப்படையாகத் தெரியும். வீட்டில் சண்டை கிளம்புவது பல நேரம் பள்ளிக் கட்டணம், டியூஷன், ரேங்க் கார்டு என்று பிள்ளையின் பேரில்தான். "நான் படிக்கலைன்னா பணமும் மிச்சம், சண்டையும் இருக்காது மிஸ்" என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான். அவன் கணக்கில் நன்றாக வரக்கூடியவன்.

அடி உதை இருக்கும் வீட்டுக்கு இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. பரீட்சை எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், பிள்ளையோடு வெளியேறுங்கள். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், 21-ம் பிரிவின்கீழ் பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் விடும் உத்தரவை நீதிபதி உடனே தரலாம். அதே மனுவில் வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையையும் செலவுத் தொகையையும் கேட்கலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலமாக மனு போடலாம். உதவி எண்கள்: பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098.

வீடு இரண்டு, பள்ளி ஒன்று

என் வாக்கு இதற்குத்தான். பெற்றோர் பிரிந்து போகட்டும்; பிள்ளை அதே பெஞ்சில், அதே நண்பர்கள் பக்கத்தில், அதே வேனில் இருக்கட்டும். வீட்டில் எல்லாம் மாறிக்கொண்டிருக்கும்போது மாறாத ஒன்று பள்ளிக்கூடம் மட்டும்தான். அதையும் பிடுங்கினால் பிள்ளைக்கு நிற்க இடமில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர், பெரும்பாலும் அம்மா, பள்ளிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்க்க வேண்டும். தாய்வீட்டின் துணை இருக்காது. அதே தெருவில் கணவர் வீட்டு ஆட்கள் எதிரே வருவார்கள். மாத வாடகை, அட்வான்ஸ் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பலருக்கு இது கட்டுப்படியாகாது. ஆகவே நான் கேட்பது பிள்ளையின் காலம் முழுவதற்கும் அல்ல, ஏப்ரல் வரைக்கும்தான். மூன்று நான்கு மாதம் என்றால் சித்தி வீட்டில், தோழி வீட்டு மாடியில் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் அமைந்துவிடுகிறது.

இன்னொரு ஆபத்து, பள்ளியே சண்டைக்களமாகிவிடுவது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வலது பக்கம் அம்மாவின் ஸ்கூட்டி, இடது பக்கம் அப்பாவின் பைக். இரண்டு பேரும் அன்றைக்குத் தங்கள் முறை என்று வந்துவிட்டார்கள். ஏழாம் வகுப்புப் பெண், கேட்டுக்கு உள்ளேயே குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள். கட்டி முடித்துவிட்டு அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். வேன்கள் எல்லாம் போய், வாட்ச்மேன் ஒற்றைக் கதவைச் சாத்தும் வரைக்கும் அவள் நிமிரவில்லை. ஒரு பக்கம் நடந்தால் இன்னொரு பக்கத்துக்குத் துரோகம் என்று பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளைக்குத் தோன்ற வேண்டிய அவசியமே இல்லை.

அதனால் இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் சில காரியங்களை எழுத்தில் செய்துவிட வேண்டும். எந்த நாளில் யார் கூட்டிப்போவார்கள் என்று தலைமையாசிரியருக்கு இருவரும் கையெழுத்திட்ட கடிதம். நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகல். எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவில் ஒரே ஒரு கைபேசி எண், அதுவும் வீட்டை விட்டுப் போனவருடைய எண்ணாக இருந்தால், லீவு அறிவிப்பு முதல் தேர்வு அட்டவணை வரை எதுவும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வராது. அதை மாற்றச் சொல்லுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருவரும் இருக்கட்டும். வகுப்பாசிரியரிடம் விஷயத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். "நாங்க தனித்தனியா இருக்கோம், புள்ளையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றால் போதும், காரணம் எங்களுக்கு வேண்டாம். சொல்லாவிட்டால் ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்து எங்கே என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவோம். எந்த வீட்டில் கொடுப்பது என்று தெரியாமல் கார்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் இப்போது அம்மா, அப்பா, பாதுகாவலர், யார் கையெழுத்தானாலும் சரி என்று ஆக்கிவிட்டோம்.

வாரத்துக்கு ஒரு வீடு என்று மாற்றி மாற்றி இருப்பது இதிலேயே ஒரு கிளை. இந்தியச் சட்ட ஆணையம் 2015-ல் தன் 257-வது அறிக்கையில், பிள்ளை பெற்றோர் இருவருடைய பொறுப்பிலும் இருக்கும் கூட்டுப் பொறுப்பைப் பரிந்துரைத்தது. சில தம்பதிகள் தாமாகவே இப்படி ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். இரண்டு வீடும் ஒரே வேன் வழியில் இருந்து, இருவரும் ஃபோனில் சாதாரணமாகப் பேசிக்கொள்ள முடிந்தால் இது நடக்கும். இல்லையென்றால் ரெக்கார்டு நோட்டு எப்போதும் மற்ற வீட்டில்தான் இருக்கும்.

டிசி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவது

அம்மாவுக்குத் தாய்வீட்டின் துணை கிடைக்கிறது, பிள்ளைக்குச் சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காகிறது. இந்த வழியின் பலம் இது, சிறிய பலமல்ல. அம்மா உடைந்துபோயிருக்கும் வீட்டில் அதே பள்ளி என்பதால் மட்டும் பிள்ளை படித்துவிடாது. ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளை என்றால், இதை எந்த மாதத்தில் செய்தாலும் பெரிய நஷ்டமில்லை என்றே சொல்வேன். சின்னப் பிள்ளைகள் ஒரு மாதத்தில் புதுப் பள்ளியில் சேர்த்தி பிடித்துக்கொள்வார்கள்.

ஆறிலிருந்து எட்டு வரை என்றால், முடிந்தவரை ஜூனுக்குத் தள்ளுங்கள். ஒன்பதுக்கு மேல் மிகவும் யோசிக்க வேண்டும். சிபிஎஸ்இ-யில் ஒன்பதாம் வகுப்பிலேயே வாரியத்தில் பெயர் பதிவாகிவிடும்; பத்தில் நேரடியாக வேறு பள்ளியில் சேர்வதற்குத் தகுந்த காரணமும் அனுமதியும் வேண்டும். நம் மாநிலப் பாடத்திட்டத்திலும் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் அரையாண்டையொட்டியே தயாராகிவிடுகிறது. ப்ளஸ் டூவில் நடு ஆண்டில் மாறினால் அதே குரூப் கிடைக்க வேண்டும், செய்முறை, அகமதிப்பீடு எல்லாம் ஒத்துவர வேண்டும். பெங்களூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ பிள்ளையோடு திரும்பி வருபவர்களுக்குத் தமிழ்ப் பாடமும் ஒரு மலை. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். எழுத்துக்கூட்டிப் படிக்கவே தெரியாத பிள்ளை, எட்டாம் வகுப்பில் திருக்குறளின் முன்னால் வந்து உட்கார வேண்டியிருக்கும்.

சரி, அப்பா தடுக்கிறார் என்றால் டிசி கிடைக்குமா? அப்பாவின் கடிதம் நீதிமன்ற உத்தரவு ஆகாது. இந்துக் குடும்பங்களுக்கான 1956-ம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் தந்தை, அவருக்குப் பின் தாய் என்று வரிசைப்படுத்துகிறது. ஆனால் 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில், தந்தை உயிரோடு இருந்தாலும் பிள்ளையின் பொறுப்பில் அவர் இல்லாத நிலையில் தாயே இயற்கைப் பாதுகாவலராகச் செயல்படலாம் என்று உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. நடைமுறையில் பல தலைமையாசிரியர்கள், சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று பார்ப்பார்கள். சிக்கல் என்றால் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்பார்கள். அவர்களுடைய பயமும் எனக்குப் புரிகிறது. டிசியைக் கொடுத்த மறுநாளே அப்பா வந்து அலுவலக அறையில் உட்கார்ந்துவிடுவார்.

டிசிக்காகப் பிள்ளையை வீட்டில் உட்கார வைக்கத் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, 5-ம் பிரிவின்படி, 6 முதல் 14 வயதுப் பிள்ளை அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறும்போது, டிசி வரவில்லை என்ற காரணத்தால் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. டிசியைத் தாமதப்படுத்தும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கைக்கும் அதில் இடமுண்டு. ஃபீஸ் பாக்கியைச் சொல்லி டிசியைப் பிடித்து வைக்கக் கூடாது, டிசியில் பாக்கி என்று எழுதவும் கூடாது என்பதைப் பள்ளிகளுக்குத் தெரிவிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் அரசுக்கு உத்தரவிட்டது. புதுப் பள்ளியில் சேர்த்த பிறகு, பழைய பள்ளி பிள்ளையின் எமிஸ் எண்ணைக் காமன் பூலுக்கு, அதாவது புதுப் பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலுக்கு, விட்டதா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். விடாவிட்டால் பிள்ளை வகுப்பில் இருக்கும், பதிவேட்டில் இருக்காது. பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் இதற்கு வழி கேட்கலாம்.

தாத்தா பாட்டி வீடும் ஹாஸ்டலும்

இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளையின் மனதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுகின்றன: என்னை அனுப்பிவிட்டார்கள்.

இருந்தாலும் பாட்டி வீடு எவ்வளவோ மேல். அம்மா வேலைக்குப் போக வேண்டும், வீடு மாற வேண்டும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்றிருக்கும் சில மாதங்களுக்கு அது நல்ல நிழல். பாட்டி ஒன்றே ஒன்று செய்யக் கூடாது: பேரன் சாப்பிடும்போது "உங்கப்பன் இருக்கானே" என்று ஆரம்பிக்கக் கூடாது. சண்டையிலிருந்து தள்ளி வைக்கத்தான் பிள்ளையை அங்கே அனுப்பினோம்.

ஹாஸ்டலை ஆறாம் வகுப்பிலோ ப்ளஸ் ஒன்னிலோ, எல்லாப் பிள்ளைகளும் புதிதாகச் சேரும்போது சேர்த்தால், பிள்ளைக்கும் விருப்பம் இருந்தால், ஒத்துவரலாம். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து உறைவிடப் பள்ளிகளில் படித்து நன்றாக வந்தவர்களை எனக்குத் தெரியும். வசதி இல்லாதவர்களுக்கு ஆதிதிராவிடர் நலத் துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையும் நடத்தும் விடுதிகள் இருக்கின்றன; இடைநின்ற பெண் பிள்ளைகளுக்கு கஸ்தூர்பா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகள் உண்டு. ஆனால் ஜனவரியில், எட்டாம் வகுப்பு நடுவில், "இந்தச் சண்டை முடியற வரைக்கும் அங்க இரு" என்று கொண்டுபோய் விடுவதை மட்டும் செய்யாதீர்கள். வீட்டில் என்ன நடக்கிறதோ என்ற கவலையிலேயே அந்தப் பிள்ளைக்கு மீதி வருடம் போய்விடும். அப்படிப் போன பிள்ளைகளில் சிலர் ஹாஸ்டலிலிருந்து கிளம்பி பஸ் ஏறி வந்துவிடுவார்கள்.

அப்பா ஃபீஸ் கட்டுவதை நிறுத்திவிட்டால்

பல முடிவுகளைக் கடைசியில் பணம்தான் எடுக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 26-ம் பிரிவில், வழக்கு நடக்கும்போதே பிள்ளையின் பராமரிப்புக்கும் கல்விக்கும் இடைக்கால உத்தரவு கேட்கலாம்; நோட்டீஸ் கிடைத்த 60 நாளுக்குள் முடிந்தவரை அதைத் தீர்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ம் பிரிவு ஜீவனாம்சம், 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144-ம் பிரிவாக இருக்கிறது. 2020-ல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கின் தீர்ப்பில், பிள்ளையின் கல்விச் செலவைக் கணக்கில் எடுக்க வேண்டும், மனைவியும் சம்பாதித்தால் விகிதப்படி பகிரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஃபீஸ் ரசீது, வேன் ரசீது, புத்தக பில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ரசீது இல்லாத செலவை அங்கே சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

உத்தரவு வந்தும் பணம் வராது என்று தெரிந்தால், தனியார் பள்ளியைக் கடன் வாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட ஜூனில் அரசுப் பள்ளிக்கு மாறுவதை நான் தயங்காமல் சொல்வேன். குறிப்பாக ஐந்து முடித்த பிள்ளை என்றால் அது ஒரு நல்ல நேரம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரி போகும்போது பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். இதைத் திருப்பியும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே அரசுப் பள்ளியில் ஏழாவது படிக்கும் பிள்ளையை, "நான் நல்லா பாத்துக்கறேன்" என்று காட்டுவதற்காகவே ஒரு வருடம் தனியார் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தால், அந்தத் தொடர்ச்சி அறுந்து இந்த உரிமைகள் கைநழுவக்கூடும். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இலவச இடத்தில் படிக்கும் பிள்ளையும் அப்படியே. அந்தச் சேர்க்கை நுழைவு வகுப்பில் மட்டும்தான். நடுவில் விட்டால் இன்னொரு தனியார் பள்ளியில் அதே சலுகையை எதிர்பார்க்க முடியாது.

படிப்பை மட்டும் முதலில் பேசி முடியுங்கள்

விவாகரத்து, நகை, சொத்து, பிள்ளை என்று எல்லாவற்றையும் ஒரே பஞ்சாயத்தில் வைத்தால் எதுவும் முடியாது. படிப்பை மட்டும் தனியாக எடுத்துப் பேசினால் எதிரும் புதிருமாக நிற்பவர்கள்கூட ஓரளவு இறங்கி வருகிறார்கள், ஏனென்றால் அதில் இருவரும் கேட்பது ஒன்றுதான். இதற்கு வழக்கே போட வேண்டியதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. வழக்கு ஏற்கெனவே நடந்தால் சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லேயே தொடங்கி, இப்போது மாவட்ட நீதிமன்றங்களிலும் அவை இருக்கின்றன.

அங்கே ஒரு பக்கம் எழுதினால் போதும். இந்தக் கல்வியாண்டு எந்தப் பள்ளி. ஃபீஸ், வேன், டியூஷன் யார் எவ்வளவு. வாரநாளில் யார் கூட்டிப்போவது. சந்திப்பு சனி ஞாயிறில், பள்ளி வாசலில் அல்ல. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் சந்திப்பு ஃபோனில். பிள்ளையை நீதிபதி நேரில் விசாரிக்க வேண்டியிருந்தால் அது பள்ளி விடுமுறை நாளாக இருக்கும்படி இருவருமே கேட்பது. அடுத்த ஜூனில் பள்ளி மாற்றுவதாக இருந்தால் மே மாதத்துக்குள் இருவரும் கையெழுத்திட்டு டிசிக்கு எழுதிக் கொடுப்பது. இதில் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்த வயதில் இருக்கும் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890-ம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் "நீ யார்கிட்ட இருக்கப் போற?" என்று கேட்காதீர்கள். "இந்த ஸ்கூல்லயே படிக்கிறியா?" என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பிள்ளைகள் தயங்காமல் பதில் சொல்கிறார்கள்.